நெஞ்சுயரம்

பிறப்பு இறப்புப் பிரிவிலிருந்து
மரங்களுக்கு மாற்றிப் போட்டார்கள் என்னை.
அங்கே செத்த பிறகு எழுதுவோம்.
இங்கே எழுதின பிறகு.

மன்னார்குடியில் ஐப்பசி வெயில் கொஞ்ச நேரம்தான்,
அடுத்த தூறலுக்குள் அளந்துவிட வேண்டும்.
நெஞ்சுயரத்தில் சுற்றளவு எடு என்கிறது விதி.
யாருடைய நெஞ்சு என்று அதில் இல்லை.
தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர்
என்றார் பொறியாளர். எனக்கு அது தாடை.
கன்னம் பட்டையில் உரச
நாடாவின் மறுமுனைக்குக் கையைச் சுற்றி விட்டேன்.
எட்டவில்லை.
பஞ்சர் கடை ஜெயசீலன்
கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துவிட்டு வந்து
அந்தப் பக்கமிருந்து நீட்டினார்.

வகை: தூங்குமூஞ்சி.
சுற்றளவு: நானூற்றுப் பன்னிரண்டு.
மனுதாரர்: கதிர்வேலவன், செல்போன் கடை.
காரணம் என்ற இடத்தில்
போர்டு மறைகிறது என்று எழுதி, அடித்துவிட்டு,
ஆபத்தான மரம் என்று எழுதியிருந்தார்.
அடித்ததைப் படிக்க முடிந்தது.

ஆபத்தானதா? ஆம், இல்லை.
நிமிர்ந்து பார்த்தேன்.
கிளைக்குக் கிளை வக்கா, கூட்டுக்குக் கூடு சச்சரவு.
சம்பா வயலில் பிடித்த தவளையோடு ஒன்று வந்து இறங்க
வெள்ளையாய் ஒரு சொட்டு
‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ மேல் விழுந்தது.
இல்லை என்று டிக் அடித்தேன்.
கூடுகளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
குறிப்பு என்று ஒரு விரற்கடை இடம் உண்டு.
குஞ்சு இருக்கிறது, மாசி வரை பொறுக்கலாம்
என்று நுணுக்கி எழுதினேன்.

ஆட்சேபணை இருந்தால் ஏழு நாளுக்குள் என்ற அறிவிப்பை
அந்த மரத்திலேயே அடித்தோம்.
மரத்தில் ஆணி அடித்தால் அபராதம் என்று
ஊரெல்லாம் சொல்கிற நாங்கள்தான்.

வந்தது ஒன்றே ஒன்று, கோடு போட்ட தாளில்:
“ஐயா, நிழல் காற்று பற்றி எனக்கு எழுதத் தெரியாது.
கேஸ் சிலிண்டர் வருவதும்
மகளுக்குக் காலேஜ் கடிதம் வருவதும்
வட்டிக்காரர் வருவதும்
மரத்தடி பஞ்சர் கடை என்ற விலாசத்துக்கு.
வெட்டினால் புது விலாசம்
நகராட்சியே தர வேண்டும்.
இப்படிக்கு, ஜெ.”

குழு கூடியது. டீ வந்தது.
வாசித்துச் சிரித்தார்கள்,
சிரித்தாலும் கோப்பில் சேர்த்தார்கள்.
மாசி வரை பொறுக்கலாம் என்று ஆனது.
அன்று வீட்டுக்குப் போகிற வழியில்
பாமணி ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி
ஒரு இளநீர் குடித்தேன், காரணமில்லாமல்.

மார்கழியில் மின்வாரிய லாரி வந்தது.
கம்பியைத் தொடும் கிளைக்கு
யாரையும் கேட்க வேண்டாமாம்,
அது வேறு விதி, வேறு அட்டை போட்ட புத்தகம்.
பதினொரு மணிக்குள் கிழக்குப் பாதி முழுக்கத் தரையில்.
நான் போனபோது ஜெயசீலன்
டயர்களைப் படுக்க வைத்து
ஒவ்வொன்றுக்குள்ளும் குஞ்சுகளை விட்டிருந்தார்.
ஒன்பது பிழைக்கும் என்றார்.
மறுநாள் நாலு என்றார்.
அதற்கு மறுநாள் நான் கேட்கவில்லை.

பாரம் ஒரு பக்கமாய்ப் போன மரம்
தை முழுக்க மெல்லச் சாய்ந்தது, ரோட்டுப் பக்கம்,
பள்ளிக்கூட வேன் நிற்கிற பக்கம்.

மாசி. அதே படிவம், அதே கேள்வி.
போன முறை இல்லை என்றது உண்மை.
இந்த முறை ஆம் என்றால் அதுவும் உண்மை.
ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற வரிக்கு எதிரே
நடும் இடம் என்று கேட்டிருக்கிறது.
அதைக் காலியாக விட்டேன்.

கன்னத்தைப் பட்டையில் வைத்து நாடாவைச் சுற்றினேன்.
அந்தப் பக்கமிருந்து கை வந்தது.
“அளவு அதேதானே மேடம்?”
எண்ணைப் பார்த்தேன்.
தொய்ந்திருக்குமோ என்று
இருவரும் மறுபடி இறுக்கிப் பிடித்தோம்.

நானூற்றுப் பதினான்கு.

மற்றதெல்லாம் கிடக்கட்டும் என்று
முதலில் அதை எழுதினேன்.