சட்டையை மாடியில் காயப்போடு

மணலியில் நடுராத்திரி. காகிதத்தில்
மலை வரைந்துகொண்டிருக்கிறது எந்திரம்.
ஊசிமுனைப் பெட்ரோல்,
சுருட்டிவைத்த தலைமுடி மெல்லிசுக் குழாய்க்குள் ஓடி
மறுமுனையில் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள்,
மார்க்கெட் நிறுத்தத்தில் முதல் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல.
பியூட்டேன் முதலில், எடை குறைந்த அவசரக்காரன்.
பிறகு பென்டேன்.
பிறகு ஹெக்சேன்.

இவர்கள் சாதுக்கள்.
கரிக்கு நான்கு கை.
நான்கிலும் ஆள் பிடித்தாயிற்று,
இனி யாரையும் தேடிப் போகிற வேலை இல்லை.
நிறைவுற்றவை என்கிறது பாடப்புத்தகம்.
ஆறாவது வருஷமாக காண்ட்ராக்டில் இருக்கிறேன்,
அந்தச் சொல் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அமிலம் ஊற்றினாலும் கண்டுகொள்ளாது.
தீக்குச்சியைக் காட்டினால்தான் வாயைத் திறக்கும்.
அப்படித் திறந்த வாயில்தான்
காசிமேட்டில் விசைப்படகு இருமிக்கொண்டு கிளம்புகிறது,
கரண்ட் போன எர்ணாவூரில்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருத்தி மீன் முள் எடுக்கிறாள்.
கேட்டுக்கு எதிரே சபியா டீக்கடை,
திருகினால் நீலமாய்ப் பூக்கிறது அடுப்பு.
அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது தெரியுமா.
மூக்கைச் சுளிக்கவைக்கும் அந்த அழுகின நெடி,
கசிந்தால் தெரியட்டும் என்று
யாரோ கலந்துவிட்டது.
புண்ணியவான்.

ஹெக்சேனுக்குப் பின்னால்
ஹெப்டேன் வருவதற்குள்
ஒரு மெல்லிய முனை.
பென்சீன்.

ஆறு பிள்ளைகள் கைகோர்த்த வட்டம்.
யாருக்கும் யாருக்கும் நடுவே இரண்டாம் பிடி என்று கேட்டால்
எல்லோருக்கும் பாதிப்பாதி.
அதனால்தான் லேசில் உடையாது.
இதற்குப் பெயர் வைத்தவர்கள்
நறுமணச் சேர்மம் என்று வைத்தார்கள்.
பொய்யில்லை. இனிக்கத்தான் செய்கிறது.

நூற்றுக்கு ஒன்றுக்குள் இருந்தால் பாஸ்.
புள்ளி எட்டு.
கையெழுத்துப் போட்டேன்.

தொட்டியிலிருந்து லாரி.
லாரியிலிருந்து திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு பங்க்.
அங்கே துளசிங்கம்,
என் வீட்டுக்காரர்,
ஒரு நாளைக்கு நானூறு வண்டி.
நானூறு மூடி திறக்கும்போதும்
முகத்துக்கு நேரே எழும்பும் அந்த இனிப்பு.

விடிந்து நான் வீடு சேரும்போது
ஆணியில் அவர் நீலச் சட்டை,
அதற்குள் முகத்தைப் புதைத்தபடி ரூபிணி.
“அப்பா வாசனைம்மா.”

எலும்புக்குள்ளே ரத்தம் ஊறும் இடம் ஒன்று இருக்கிறது,
வருஷக்கணக்கில் மூச்சோடு போய்
இந்த வட்டம் அங்கே உட்காரும்,
என்பதை
ஏழு வயசுக்கு எந்தச் சொல்லில் சொல்வது?
நூற்றுக்கு ஒன்று என்பது பெட்ரோலுக்கான கணக்கு.
சட்டைக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

பீரோவைத் திறந்தேன், மாற்றுப் பாவாடை எடுக்க.
கூறைப்புடவை மடிப்பில்
போன பொங்கலுக்குப் போட்ட அந்துருண்டை
மிளகளவு ஆகிவிட்டது.
இரண்டு வளையம் ஒட்டிப் பிறந்த ஜாதி அது.
உருகின ஈரம் கூட இல்லை.
பூச்சிக்கென்று போட்டது,
இவ்வளவு நாள் நாங்களும்தான் முகர்ந்திருக்கிறோம்.

“சட்டையை மாடியில காயப்போடுன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

அவர் தூக்கத்திலிருந்து சிரித்தார்.
“உன் தலையை மோந்து பாரு மொதல்ல.
கம்பெனியே வீட்டுக்கு வந்த மாரி கீது.”

ரெண்டையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்,
என் கோட்டு, அவர் சட்டை.
எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று.
கொடியில் இரண்டும் கைகோர்த்துக் குதித்தன.
நல்லது, போகட்டும், போகட்டும் என்று நின்றிருந்தேன்.

அது போன திசையில்
பக்கத்து மாடி.
அங்கே ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு
மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.