பன்னிரண்டாவது ஆள்

சாங்கி முனையில்
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு நகரும்.
நான் ஒன்பதாவது.
டீசல் நெடியில் உட்கார்ந்து
மிதவை அங்கிகளை எண்ணினேன். பதினான்கு.
விடுப்பு நாளில் கண்ணுக்கு மட்டும் விடுப்பில்லை.

உபின் தீவில் இறங்கியதும்
சைக்கிள் கடைக்காரர் மணியடித்துக் கூப்பிட்டார்.
நடக்கிறேன் என்று காலைக் காட்டினேன்.
தளத்துக்குப் போடும் அதே இரும்புமுனைக் காலணி,
மடிப்பில் இன்னும்
தெம்பனிஸ் சிமெண்டு.

செக் ஜாவாவில் கடல் வற்றியிருந்தது.
பலகைப் பாதைக்குக் கீழே சேற்றில்
ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள்
தூக்கு, இறக்கு, நிறுத்து என்று
காணாத ஏதோ கிரேனுக்குச்
சைகை காட்டிக்கொண்டிருந்தன.
சேறும் கேட்கவில்லை, வானமும் கேட்கவில்லை.
சிரிப்பு வந்தது.
செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை
சாரத்திலிருந்து விழுந்தான் இளவழகன்.
மூன்று மீட்டர். மணிக்கட்டும் இரண்டு விலாவும்.
பிழைத்துவிட்டான்,
மருத்துவமனைக் கஞ்சியில் உப்பில்லை என்கிறான்.
என் படிவத்தில் மட்டும் ஒரு கட்டம் காலி:
‘எப்படித் தவிர்த்திருக்கலாம்?’

உள்காட்டுப் பாதையில் ரப்பர் மரங்கள்
யாருக்கும் பால் தராமல் நிற்கின்றன.
காய் வெடித்து விதை தெறிக்கும்போதெல்லாம்
நிமிர்ந்து பார்த்தேன்.
காட்டுப்பன்றி கிளறிய மண் ஈரமாக,
இப்போதுதான், பத்து நிமிடம்கூட இருக்காது.
கடல் கண்ணைவிட்டுப் போகிறது,
உப்பு மட்டும் உதட்டில் கூடவே ஏறுகிறது.
‘திணைமயக்கம்’ என்று ஒரு சொல் உண்டு,
உயர்நிலை மூன்றில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது.
இன்றைக்குத்தான் வியர்த்தது அது.

புவாக்கா குன்றின் உச்சியில் பாதை
திடீரென்று முடிகிறது.
கீழே
ஒரு காலத்தில் கல் வெட்டி எடுத்த பள்ளம்,
இப்போது பச்சைத் தண்ணீர்.
செங்குத்துப் பாறையில் நாரைகள்
வேலியில்லாமல் குடும்பம் நடத்துகின்றன.
நமக்குத்தான் வேலி, மஞ்சள் பலகை,
அதில் விழுகிற மனிதன்.
அவனை எனக்கு நன்றாகத் தெரியும்,
மாதம் ஒரு டஜன் வாங்குகிறேன்.
கழுத்தில்லை, தலை தனி வட்டம்.
எத்தனை வருடமாகியும்
தரையைத் தொட்டதேயில்லை.

வேலி சாய்ந்த இடத்தில் ஓர் இளைஞன்.
ஆரஞ்சுத் தொப்பி, முதுகில் பை.
கைப்பேசியை என்னிடம் நீட்டினான்,
படம் எடுங்கள் அக்கா, பாறையும் வர வேண்டும்.
பாறை வருவதற்காக
ஓரடி பின்னால் போனான்.
இன்னும் ஓரடி.

நான் கத்தவில்லை.
கத்தினால் ஆள் திரும்புவான், திரும்பினால் கால் திரும்பும்.
இரண்டு கைகளையும் உயர்த்தி
உள்ளங்கையை என் நெஞ்சுப் பக்கம் மடக்கினேன்,
லாரியை வரச்சொல்வதுபோல்
மெதுவாக,
வா, வா, இன்னும் வா,
நில்.

லாரியைப் போலவே வந்தான்.
படத்தில் பாறை பாதிதான் விழுந்தது.
உதட்டைப் பிதுக்கிவிட்டு நன்றி சொன்னான்.
அவன் போனபின்
சாய்ந்த கம்பியில் என் சிவப்புக் கைக்குட்டையைக் கட்டி,
வேலியின் எண்ணைப் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பி,
அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன்.
முழங்கால் இரண்டும்
எனக்குச் சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.
வடக்கே ஜொகூரின் புகைபோக்கிகள்,
தெற்கே இறங்கும் விமானம்.
பார்த்தேன் என்று சொல்ல முடியாது.
முன்னால் இருந்தன.

மாலை, படகுத்துறை. பதினொரு பேர்.
இல்லாத ஆளின் நான்கு வெள்ளியைப்
பங்கு போட்டுக் கிளம்பலாம் என்றார்
துரியான் பையோடு இருந்த அம்மா.
எல்லோரும் சில்லறை தேடினார்கள்.
இருங்கள், இன்னும் ஒருவர் வரவேண்டும் என்றேன்.
உங்களோடு வந்தவரா?
இல்லை.
பிறகு?
சொல்லத் தெரியவில்லை.
படகோட்டி என் காலணியைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்,
கயிற்றை அவிழ்க்கவில்லை.

தொலைவில் ஆரஞ்சுப் புள்ளி.
ஒரு கையில் வெட்டிய இளநீர்,
மறுகையில் கைப்பேசி,
அலை நனைத்த பலகைமேல்
குதித்துக் குதித்து ஓடி வருகிறான்.

எழுந்து நின்று,
படகு முழுவதும் திரும்பிப் பார்க்க,
இப்போது கத்தினேன்:
தம்பி, ஓடாதே!