கேட்

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ரேடியோவின் அலைவரிசையைத் திருப்பும்
இந்த ஏற்பாட்டுக்குக் கையேட்டில் போட்டிருந்த பெயர் கேட்.
லத்தேரி கேட்டுக்கு முந்நூறு அடி தள்ளிக் குடியிருப்பவனுக்குச்
சிரிப்பு வராமல் இருக்குமா?

இங்கே கேட் என்றால்
சிவப்பும் வெள்ளையும் பூசிய இரண்டு நீளக் கம்பம்,
இஞ்சினை அணைக்காத ஷேர் ஆட்டோக்கள்,
குனிந்து நுழைந்துவிடும் ஒரு சைக்கிள்,
கேபினுக்குள் ஒரு தொலைபேசி,
அதன் பக்கத்தில் ஸ்டூலில் என் மனைவி சுகிர்தா.

வீட்டில் இருப்பது அறுநூற்றைம்பது ரூபாய்க் கம்பி.
அதன் வழியே மென்பொருள் நொடிக்கு ஐந்து தரம்
ரேடியோவைக் கேட்கிறது: எங்கே இருக்கிறாய்?
இரண்டு எழுத்து, ஓர் அரைப்புள்ளி. கேள்வி அவ்வளவுதான்.
ரேடியோ பதினோரு இலக்கத்தில் பதில் சொல்கிறது.
முன்னால் வரிசைகட்டி நிற்கும் நாலு பூஜ்யமும் சும்மா இல்லை.
ஒன்று குறைந்தால் பேச்சே இல்லை.

சுகிர்தாவையும் இப்படித்தான் கேட்கிறார்கள்.
மணி அடிக்கும். கேட் போட்டாச்சா?
போட்டாச்சு என்றால் போதாது.
நோட்டில் அடுத்து இருக்கிற ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும்.
நாற்பத்தொன்று.
ஸ்டேஷன் மாஸ்டர் திருப்பிச் சொல்வார், நாற்பத்தொன்று.
அதற்கப்புறம்தான் ரயிலுக்கு வழி.

முதல் பன்னிரண்டு நாள் என் ரேடியோ வாய் திறக்கவில்லை.
கம்பியை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன்.
டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
விற்றவனுக்குப் போன் செய்து கத்தினேன்.
திரையில் வெறும் பூஜ்யம்.

இரவு டியூட்டி முடித்து ஆறரைக்கு வந்தவள்
டார்ச்சைச் சார்ஜில் போட்டபடி சொன்னாள்,
"இன்னாயா, அது இன்னும் பேசலியா?
நீ படபடன்னு கேட்டுக்கினே இருந்தா
அதுக்கு இன்னா புரியும்?"

ரேடியோவில் வேகம் நாலாயிரத்து எண்ணூறு.
நான் கேட்டுக்கொண்டிருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூறில்.
குறைத்தேன். எண் வந்தது.
சொல்லலாம் என்று உள்ளே போனால்
தலையில் முல்லைச் சரத்தோடே தூங்கிவிட்டிருந்தாள்.

அதன் பிறகு எல்லாம் சொடுக்குதான்.
திரையில் நீலமாய் வழிகிற அலைகளில்
எங்கே மஞ்சள் கோடு தெரிகிறதோ அங்கே ஒரு தட்டு.
குமிழ் அசையாது. எண் மட்டும் ஓடும்,
நிற்கும் ஆட்டோவின் மீட்டர் மாதிரி.
கையை என்ன செய்வதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டேன்.

போன வியாழன் இரவு பதினொன்றே முக்கால்.
ஏழு புள்ளி பூஜ்யம் எட்டு ஐந்து.
மேடானிலிருந்து ஒருவர், தமிழ்தான்,
நூல் மாதிரி வந்தார்.
என் குரல் கிடைத்தது என்றார். பெயர் சொல்லத் தொடங்கினார்.
"கரு..."

தூரத்தில் கேட் மணி.
சுகிர்தா எண்ணைச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

கூட்ஸ்.
மேலே இருபத்தைந்தாயிரம் வோல்ட் கம்பி பொறிவிட
முள் ஒன்பதைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது.
காது நிறைய அரிசி பொரிகிற சத்தம்.
ஐம்பத்தெட்டு வேகன். எண்ணினேன், வேறென்ன செய்ய.
கருணாகரனா, கருப்பையாவா, கருத்தப்பாண்டியா,
ஒரு வேகனுக்கு ஒரு பெயர் மாட்டிப் பார்த்தேன்.
திரையில் ஓர் இலக்கமும் நகரவில்லை.
எங்கே என்கிறது மென்பொருள்,
இங்கேதான் என்கிறது ரேடியோ,
எங்கே, இங்கே, எங்கே, இங்கே,
இவ்வளவு கேட்டும் இரண்டுக்கும்
ஒன்றுமே கேட்கவில்லை.

கார்டு பெட்டியின் சிவப்பு விளக்கு போனதும்
சத்தம் இறங்கியது. மேடான் இல்லை.
மூன்று முறை கூப்பிட்டேன்.

போன் அதிர்ந்தது.
"முழிச்சிக்கினு கீறியா?"
இருக்கேன்.
"யாராவது வந்தாங்களா?"
வந்தாங்க. உன் வண்டி பேரை முழுங்கிடுச்சு.

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம்.
"அடுத்தது பன்னெண்டு இருவதுக்குத்தான்.
அதுக்குள்ள கேட்டுக்கோ."