ஒரே டிஸ்கில் இரண்டு சி

என்டர் அமுக்கினால் விரலை விட மனசில்லாமல்
கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது விசைப்பலகை.
ஒட்டுப்பால் தொட்ட கையோடு
பதினாலு வருஷம் கணக்கெழுதிய கடை.
குலசேகரத்தில் மழை.

பழசு போகக் கூடாது என்கிறார் செல்வநேசன்.
புதுசு இல்லாமல் இருபதாம் தேதி
ஜிஎஸ்டி கட்ட முடியாது என்கிறாள் ரெஜிலா.
பாகப்பிரிவினைக்கு வந்த வக்கீலைப் பார்ப்பதுபோல்
இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

அந்தக் கணக்கு புரோகிராம் பழசில்தான் ஓடும்.
எழுதியவன் சுஜின்ராஜ்.
மஸ்கட் என்கிறார்கள், இல்லை கனடா என்கிறார்கள்,
எந்த எண்ணிலும் எடுப்பதில்லை.
யாருக்கு எத்தனை கிலோ ஷீட்டுக்குப் பாக்கி,
மகள் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிய எவர்
இன்னும் பால் வெட்டிக் கழிக்கிறார்,
எல்லாம் அவனுடைய நீலத் திரைக்குள்.
புதுசில் அதைத் திறந்தால்
சின்னதாய் ஒரு பெட்டி எட்டிப் பார்த்து
காரணம் சொல்லாமல் மூடிக்கொள்கிறது.

சரி, பிரிப்போம்.
பழசுக்கு முந்நூறு ஜிபி, மீதி புதுசுக்கு.
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே இருந்து
ஸ்கூட்டியில் நனைந்து வந்திருக்கிறேன்,
பென்டிரைவும் வெளி டிஸ்கும் மட்டும் நனையாமல்.
முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன்.
நகல் திறக்கிறதா என்று பார்க்கவில்லை.
அதை அவர்களிடம் சொல்லவும் இல்லை.

அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.

பேச்சிப்பாறைப் பக்கம் இடி.
தகரத்தில் மழை, அதற்கும் மேலே
யுபிஎஸ்ஸின் அந்த ஒற்றைக் கூவல்.
ஒரு கூவலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில்
மூன்று பேரும் நின்றோம்.
ரெஜிலா பிரிண்டர் வயரைப் பிடுங்கினாள்.
செல்வநேசன் யுபிஎஸ் மேல் உள்ளங்கை வைத்தார்,
காய்ச்சல் பார்க்கிறமாதிரி.
'பிள்ளே, ஒண்ணும் போவாதுல்லா?'
போகாது என்றேன்.
எண்பது.
எண்பத்தொன்று.
எண்பத்தொன்று.
எண்பத்தொன்று.

தொண்ணூற்றாறில் வெளிச்சம் வந்தது.
எங்கோ ஒரு வீட்டில் பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள்.
எங்களுக்காக அல்ல, டிவிக்காக.

பிறகு கட்டன் சாயா குடித்தோம்.
பிறகு புதுசு தன்பாட்டுக்கு இறங்கி
ஏழெட்டுக் கேள்வி கேட்டு
உட்கார்ந்துகொண்டது.

பழசுக்குள் போனால்
பழசு தன்னை சி என்கிறது, புதுசை டி என்கிறது.
புதுசுக்குள் போனால்
புதுசுதான் சி.
'எது உள்ளது?' என்றார் செல்வநேசன்.
இரண்டும்தான் என்றேன்.
களியக்காவிளையில் மீன் விற்கிறவள்
இந்தப் பக்கம் நின்றால் அதை அங்ஙோட்டு என்பாள்,
நாலடி தள்ளிக் கூடையை இறக்கினால் இதை.
மீன் அதே மீன்.
அவர் சிரிக்கவில்லை. மீன் விலை கேட்டார்.

புதுசு முழுசாய் உறங்காது,
ஒரு கண்ணைத் திறந்துவைத்து டிஸ்கைப் பிடித்திருக்கும்.
அந்தப் பழக்கத்தை மட்டும் அணைத்தேன்.

மிச்சம் ஒரே கேள்வி:
கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும்,
முப்பது நொடி காத்திருக்கும்.
யாரும் தொடாவிட்டால் எதைத் திறக்க?

ரெஜிலா வாய் திறக்கவில்லை.
அவர் ஷீட் அடுக்கைப் பார்த்துக்கொண்டே
'புதுசே இருக்கட்டும்' என்றார்,
'நேரத்தை மட்டும் கூட்டு,
நான் கண்ணாடியைத் தேடி எடுக்கணும்.'
ஒரு நிமிஷம் ஆக்கினேன்.
'அவ்வளவு நேரமும் நான் என்ன செய்ய?' என்றாள் அவள்.
'என்டர் அமுக்கு.'
'அது ஒட்டுமே.'

ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
வெளி டிஸ்கைச் செருகினேன்.
நகல் திறக்கவில்லை.

பாலத்தின் மேல் ஒரு லாரி போனது, மேசை அதிர்ந்தது.
மறுபடி அமுக்கிப் பார்த்தேன். இல்லை.
ஆயிரத்து இருநூறு ரூபாய்
இன்னும் ரப்பர் மணத்தோடு பையில் இருக்கிறது.
நாளைக்கு இன்னொரு தடவை போக வேண்டும்.
கீபோர்டு துடைக்க வந்தேன் என்று சொல்லலாம்.