வடசுவர் பொது

சிரிக்காதே, சகாயமேரி.
ஓசூர் வார்ப்படக் கம்பெனியில்
பதினாறு வருடமாக எனக்கு ஒரே வேலை:
ஒவ்வொரு பீஸையும் விளக்கடியில் திருப்பிப் பார்ப்பது,
மயிரிழை விரிசல் தெரிந்தாலும்
சிவப்புப் பெயின்ட் வைத்துத் தொட்டியில் எறிவது.
அப்படிப்பட்ட நான்
ராயக்கோட்டையைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில்
உள்ளங்கை நுழையும் விரிசலோடு
ஒரு வீடு வாங்கியிருக்கிறேன்.

ஏழு லட்சத்து இருபதாயிரம்.
பி.எஃப். பணம் பாதி, வளையலை அடகு வைத்தது கொஞ்சம்,
மீதி நீ கொடுத்தது.

கருங்கல் சுவர், மண் சாந்து, நாட்டு ஓடு.
எண்ணூறு ஓடு மாற்றணும் என்றார்
பச்சையப்பன் மேஸ்திரி, மேலே ஏறாமலே.
உத்தரத்தில் தேனடை.
மீட்டர் செத்துப்போன திம்மராயன் பேரில்,
பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
கழிப்பறை என்று கைகாட்டிய இடத்தில்
ஓர் ஆமணக்குச் செடி நின்றது.

விற்றவர்கள் ஐந்து பேர்.
நான்கு பேர் காலையிலேயே
பதிவு அலுவலகத்து பெஞ்சில்.
பெங்களூரில் கட்டிக்கொடுத்த தங்கை
மூன்றேகாலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.
மெஷின் அவள் கட்டைவிரலை
மூன்று தடவை ஒப்புக்கொள்ளவில்லை.
'பத்து வீட்டுப் பாத்திரம் தேய்ச்ச விரலுங்க' என்றாள்.
நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது.

பத்திர எழுத்தர் நான்கெல்லையை வாசித்தார்.
கிழக்கே வண்டிப்பாதை.
தெற்கே ஓடைப் புறம்போக்கு.
மேற்கே சின்னகுட்டி வகையறா புளியமரம்
(வெட்டி விற்று வெகுநாள் ஆகிறதாம்,
ஆனாலும் அங்கேதான் நான் முடிகிறேன்).
வடக்கே கெம்பம்மா வீடு, வடசுவர் பொது.

பொது என்றால்?
'பாதி உங்களது, பாதி அவங்களது.'
எந்தப் பாதி?
அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

விரிசல் அந்தச் சுவரில்தான்.

இடித்துத் தள்ளு என்றான் அண்ணன்.
இடித்துத் தள்ளுங்க என்றார் சூளைக்காரர்,
லோடு என்ன விலை என்பதையும் சேர்த்து.
பச்சையப்பன் மட்டும் பீடி முடியும்வரை யோசித்தார்.
ஜன்னல் கண்ணாடியில் விரல்நீளத் துண்டு ஒன்று வெட்டி
விரிசலுக்குக் குறுக்கே வைத்து
இரண்டு முனையையும் சிமெண்டில் பதித்து
பென்சிலால் எழுதினார்: ஆனி 17.
'சுவர் நகர்ந்தா இது உடையும்.
ஆறு மாசம் உடையலேன்னா பழைய காயம்.
பூசிக்கலாம்.'

ஞாயிறுதோறும் போனேன்,
தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு.
பூட்டைத் திறந்ததும் டார்ச் அடிப்பேன்,
நமக்குத்தான் வேறு பார்வை தெரியாதே.
குவாரியில் நாலு மணி வெடிக்கு
சுவரில் கை வைத்து நின்றேன்; கண்ணாடி இருந்தது.
ஐப்பசி மழையில் தென்மூலை கரைந்து இறங்கியது;
கண்ணாடி இருந்தது.

இன்னும் நாலே ஞாயிறு பாக்கி.
கார்த்திகையில் ஒருநாள் டார்ச் அடித்தால்
நடுவில் இரண்டாக.

சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.
கை தானாகப் பெயின்ட் டப்பாவைத் தேடியது, சத்தியமாக.

அப்போது சுவர் பேசியது:
'யாரு, ஓசூரம்மாவா?
டிவி மாட்ட ஆணி அடிச்சோம், நாலு ஆணி.
உங்க பக்கம் ஏதாச்சும் விழுந்துச்சா?'

விரிசல் நெடுக நீல வெளிச்சம்.
ஏதோ சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

'கண்ணாடி' என்றேன்.
வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

'கண்ணாடியா? இருங்க.'

முதலில் விளிம்பு வந்தது,
பிறகு பாதி ரசம் போன வட்டம்,
பிறகு மஞ்சள் படிந்த நான்கு விரல்.
'முகம் பாத்துட்டு மெதுவா குடுங்க.'

பார்த்தேன். தலையெல்லாம் சுண்ணாம்பு.

மறுவாரம் பச்சையப்பன் வந்தார்.
தலையில் அடித்துக்கொண்டார்.
புதுத் துண்டு, புதுத் தேதி,
கெம்பம்மா வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை.
மறுபடி ஆறு மாசம்.

உன் பணத்துக்கும் அதே கெடுதான், சகாயமேரி.