தண்டுக் கணக்கு

ஆனி பதினொன்றில் பாளையங்கோட்டையை விட்டோம்.
பீரங்கி நாலு, இழுவை மாடு நூற்றுப் பன்னிரண்டு,
மருந்துப் பெட்டி முப்பது, சிப்பாய் எண்ணூறு.
அதில் அறுபது பேர் ஓலையில் மட்டும் நடந்து வந்தார்கள்.
அவர்கள் சம்பளம் பவுசுதாருக்கு.
அதுவும் என் எழுத்துதான்.

போகிற இடம் செம்பாறைக்குறிச்சி,
கணவாய்க்கு இந்தப் பக்கம் கடைசிப் பாளையம்.
கிழவர் செத்து ஒன்பது வருஷமாய்
ஆற்றுக்கு வடக்கே மூத்தாள் மகன் சூரநாத்தேவன்,
தெற்கே இளையாள் மகன் வெள்ளப்பாண்டியன்.
வடக்கு நவாபுக்கு ஓலை விட்டது,
தெற்கு மலையாளத்து ராஜாவுக்கு.
இரண்டையும் கீறியது ஒரே கணக்கன் என்று
வழியில் பிடிபட்ட தெற்கோலையைப்
பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது.
'ழ'வுக்கு வால் அப்படி இழுப்பவன் இன்னொருவன் இருக்க முடியாது.
நான் சொல்லவில்லை. தொழில் மரியாதை.

"உடைந்த சட்டி," என்றார் பவுசுதார் கைபத் பேக்,
"ஒரு சில்லைத் தொட்டால் மற்றது தானே வரும்."

சுரண்டை தாண்டும்போதே சாரல்.
மலை இருந்த இடத்தில் மலை இல்லை.

சூரநாத்தேவன் வந்தான், பட்டு வாங்கினான்,
வாள்மேல் கைவைத்துக் கிஸ்தி கட்டுவதாய்ச் சொன்னான்.
மறுநாள் அவன் மைத்துனன். பட்டு.
அதற்கு மறுநாள் தெற்கிலிருந்து தம்பியின் மாமன்,
"எங்களுக்கும் நவாபு மேலே பிரியந்தான்."
பட்டு.
பதினேழு உருப்படி செலவு.
நம் பக்கம் சேர்ந்த ஆள் என்ற கட்டம்
இன்றைக்கும் வெறுமையாய்த்தான் கிடக்கிறது.

வைக்கோல் விற்க வந்த மாடத்தியிடம் கேட்டேன்,
நீ எந்தப் பக்கம்?
"தெக்கே பொறந்தேன், வடக்கே வாக்கப்பட்டேன்.
கட்டு மூணு பணம்.
நீரு எந்தப் பக்கம்வே?"
கருங்குளத்துக்காரன்,
ஆற்காட்டுச் சம்பளம்,
துருக்கத் தளபதி,
சட்டைப்பையில் செந்தூர்த் திருநீறு.
மூன்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ஆடி ஒன்பது. ஆற்றைக் கடந்து தெற்குக் கோட்டையை அடிக்க உத்தரவு.
மூத்தவன் முந்நூறு ஆள் தருவதாய்ச் சொல்லியிருந்தான்.
தந்தான்.
அவர்கள் கரையில் குந்தி,
வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

முழங்கால் தண்ணீர்தான்.
பிறகு மீன்வாடை ஒன்று மேலேயிருந்து இறங்கிற்று.
பிறகு தண்ணீர்.
இரண்டாம் பீரங்கி சரிந்தது ஆறு மாட்டோடு.
பலவேசம் அரிவாளோடு குதித்து
நுகக்கயிறுகளை அறுத்துக்கொண்டே போனான்.
நாலு மாடு கரையேறியது.
தெற்குக் கோட்டையிலிருந்து ஒரு வெடிகூட இல்லை.
அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பீரங்கி ஒன்று, நஷ்டம்.
மாடு இரண்டு, நஷ்டம்.
வண்டியோட்டி ஒப்பந்தக்காரர் கணக்கில் வருவதால்
நம் ஓலையில் அவனுக்கு இடமில்லை.

மருந்து களியாகிவிட்டது. வயிற்றுப்போக்கில் நாற்பது பேர்.
திரும்பினோம்.
கோட்டைக்குள் வந்து, தலை துவட்டி, பவுசுதார் சொல்லச் சொல்ல
எழுதினேன்:
இரு தரப்பும் பணிந்தன.

புரட்டாசியில் தண்ணீர் வடிந்து பீரங்கி வெளியே தெரிந்ததாம்.
வாய் வடகரைப் பக்கம், சக்கரம் தென்கரைப் பக்கம்.
யாருக்கு என்பதில் பதினோரு பேர் வெட்டுப்பட்டார்கள்,
எங்கள் எண்ணூறு பேராலும் முடியாதது.

ஐப்பசியில் அந்தக் கணக்கனிடமிருந்து ஓலை.
'ழ'வின் வால் அதேதான்.
பங்கு வைக்க வேண்டுமாம்,
பீரங்கி எடை என்ன என்று கேட்டிருந்தான்.

தொண்ணூற்றாறு துலாம், என்று பதில் எழுதினேன்.
ஓலையில் மிச்சம் இடமிருந்தது.
கேட்காததையும் கீறினேன்:
அதை ஓட்டி வந்தவன் பெயர் பலவேசம்.
இடது காதில் கடுக்கன் இருக்கும், வலதில் இருக்காது.
கீழே எந்த மடையிலாவது ஒதுங்கினானா?

எடைக்கு நன்றி சொல்லி ஓலை வந்தது.
மற்றதற்கு
இன்னும் வரவில்லை.