தெரியாதவள்

அவள் பெயரை எழுதப்போவதில்லை.
கையிலிருந்த பையின் நிறத்தையும் மாற்றிவிட்டேன்.
வாங்கியது கணவாய் என்று பின்னால் வரும்;
அது கணவாய் இல்லை.

எல்ஸ்மியர் வீதி, மூன்றாம் மாடி,
ஹீற்றர் முனகும் சின்ன அறை.
முதல் நாளே சொல்லவேண்டியதைச் சொன்னேன்:
இங்கே பேசுவது இங்கேயே கிடக்கும்.
உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ
ஆபத்து என்றால் மட்டும்
என் வாய் என்னுடையதில்லை.
அவள் கேட்டாள்:
"கடையில கண்டால்?"

கனடா பெரிய நாடு.
எங்கள் ஸ்காபரோ
ஒரு மீன்கடை வரிசையின் நீளம்.

"நீங்கள் முதலில சிரிச்சால் நான் சிரிப்பன்.
இல்லாட்டி
பிறந்ததிலயிருந்து உங்களைக் கண்டதில்லை."
அவள் கையெழுத்திட்ட ஆறு படிவங்களிலும்
இந்த வரி இல்லை.
அவள் நம்பியது இதை மட்டும்தான்.

ஏழு கிழமை.
கடவுச்சீட்டு எங்கே, வங்கி அட்டை எங்கே,
இரவு பதினொரு மணிக்கு எந்தக் கதவு திறக்கும்.
அவசரத் தொலைபேசி இலக்கத்தைச்
சாமான் பட்டியலில் விலைகளாக ஒளித்தோம்:
உளுந்து நாலு டொலர் பதினாறு,
வெந்தயம்,
மிச்சம் சொல்லமாட்டேன்.

எட்டாம் கிழமை,
தங்க ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று
நான் வாய் நிறைய வைத்திருந்த காலையில்,
"போகேல்லை. அங்கேயே இருக்கப்போறன்" என்றாள்.

எனக்குள்ளே ஒரு மண்டபமே எழுந்து நின்று கத்தியது:
சித்தப்பாமார், கணக்கு ரீச்சர்,
பட்டமளிப்பு அங்கியோடு நான்,
கையில் சுருட்டிய காகிதத்தால் மேசையை அடித்தபடி.
வாயைத் திறந்தேன்.
"சரி. இருக்கிறதெண்டால்
எந்த அறையில பூட்டு வேலை செய்யுது?"
என்றுதான் வந்தது.
அவள் யோசித்தாள்.
"குளியலறையில" என்றாள்.
அதிலிருந்து தொடங்கினோம்.

'ஆலோசனையை ஏற்க மறுத்தார்'
என்று குறிப்பில் எழுதியிருந்தேன்.
கொலீன், என் மேற்பார்வையாளர்,
அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள்.
"மறுத்தாரா, முடிவெடுத்தாரா?"
மாற்றினேன்.
இரண்டு சொற்களுக்கும் இடையில்
ஓர் இரவு முழுக்க விழித்துக் கிடந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மார்க்கம் வீதிக் கடை.
கணவாய்த் தட்டுக்கு முன்னால் அவளும் அவனும்.
அவன் நல்லவன்போலவே இருந்தான்,
முதியவர் ஒருவருக்கு வழிவிட்டான்.
நெத்தலிப் பெட்டிப் பக்கம் திரும்பி
விலையை மூன்றுதரம் வாசித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
என் கண் களவாக அவள் மணிக்கட்டைத் தேடியது;
குளிருக்கு இழுத்துவிட்ட நீளக் கை.
அவள் அனுமதியில்லாமல் தேடினேன்,
அதையும் எங்காவது குறித்துவைக்க வேண்டும்.

இன்னொரு நாள், யாரோ வீட்டு சாமத்தியச் சடங்கு.
கமலவேணி அன்ரி என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.
"இவ எங்கட ஆள். உமக்குத் தெரியுமோ?"
"இல்லை" என்றேன்.
"இல்லை அன்ரி" என்றாள் அவளும், அதே கணத்தில்,
ஒரே வாங்கில் இருந்து பாடம் ஒப்பித்தவர்கள்போல.
பொய் சொல்லாதே என்று அடித்து வளர்த்த நாக்கு
கூசவேயில்லை.
வடை நல்ல மொறுமொறு.

கோப்பு மூடியாயிற்று.
'இலக்கு எட்டப்பட்டதா' என்ற கட்டத்தில்
என்ன போட்டேன் என்பது
கோப்புக்குள் இருக்கிறது.

மாசி மாதம். நூற்றிரண்டாம் இலக்க பஸ்.
சப்பாத்துகளில் உருகிய பனி
நடைவழி முழுக்கச் சேறாய் ஓடுகிறது.
ஐந்தாம் வரிசையில் அவள், தனியே;
பக்கத்து இருக்கையில் பெரிய பயணப்பை.
கம்பியைப் பிடித்து நின்றேன்.
யன்னலில் பூத்த உறைபனியைப் பார்த்தேன்.
லோரன்ஸ் தாண்டியது.
பை எங்கே போகிறது என்று கேட்க
எனக்கு உரிமை இல்லை.

அவள் பையைத் தூக்கி மடியில் வைத்தாள்.
"இருங்கோ" என்றாள்,
யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல.

யாரோ ஒருத்தியாக
இருந்தேன்.